மூட்டு வலி அம்மாவுடன் ஐந்து நாள் மலேசியா

மதுரையிலிருந்து மூட்டு வலி உள்ள அம்மாவோடு வருகிறீர்கள், ஐந்து நாளில் கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி மூன்றும் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லங்காவியை விட்டுவிடுங்கள், அலைச்சல்தான் மிஞ்சும்.

பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்கு, கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்தே கொமுட்டர் (புறநகர்) ரயில் உண்டு, கோயில் பக்கத்திலேயே இறங்கலாம். 272 படி அம்மாவுக்கு வேண்டாம். கீழே நிற்கும் 140 அடி முருகனையே கும்பிட்டுக்கொள்ளட்டும். காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் வெயில் கொளுத்தும். கையில் பழப்பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்!

பினாங்குக்கு இடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயிலே போதும். பினாங்கு தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அங்கிருந்து பெர்ரி. பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். பினாங்கு மலைக்கு ரயில் ஏற்றிவிடும். அங்கேயே உள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் படிதான், அதற்கு நீங்கள் தனியாகப் போய்வாருங்கள்.