ஜூரி அமரும் முன்

அன்புள்ள ஐயா,
நான் சட்டக் கல்லூரி மாணவன். ‘ஜஸ்ட் மெர்சி’ பார்த்து அழுதுவிட்டேன். கறுப்பினத்தவருக்காக வாதாடும் வழக்கறிஞர் படங்களில் எந்த இறுதி உரை மிகச் சிறந்தது? மனப்பாடம் செய்ய ஆசை. தமிழில் ஏன் இப்படிப் படங்கள் வருவதில்லை?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுததில் தவறில்லை. கண் நனையாதவர்கள் அந்தத் தொழிலில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். ஆனால் மனப்பாடமா? அதற்குச் சட்டப் படிப்பு எதற்கு? தமிழில் வருவதில்லை என்பதும் சோம்பேறித்தனமான பேச்சு, விடுங்கள்.

நீங்கள் பார்த்த படத்தில் கொலைப்பழி சுமத்தப்பட்ட கறுப்பர் வால்டர் மக்மில்லியனின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மன்ரோ கவுண்டி என்ற மாவட்டத்தில். அங்கே கறுப்பர்கள் ஏறத்தாழ 40 சதவீதம். 1988இல் விசாரணையோ வெள்ளையர் மிகுந்த பால்ட்வின் கவுண்டியில் நடந்தது. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் 11 வெள்ளையர், ஒரே ஒரு கறுப்பர். ஒன்றரை நாளில் எல்லாம் முடிந்தது. எந்த உரை அதை மாற்றியிருக்கும்?

நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்துவிட்டதால் இது நமக்கு உறைப்பதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலரை இரு தரப்பும் காரணமே சொல்லாமல் நீக்கலாம். இனம் பார்த்து நீக்கக்கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர், இனம் பார்த்தே நீக்கினார்கள் என்று சந்தேகிக்க இடமிருப்பதைக் காட்டவேண்டும். பிறகு அரசுத்தரப்பு இனம் சாராத ஒரு காரணம் சொல்லவேண்டும். அது உண்மையா, சாக்கா என்று நீதிபதி முடிவு செய்வார். இந்த மூன்று படிகளில் ஓட்டை நடுப்படியில். நீளமான முடி, தாடி என்ற காரணமே அந்தப் படிக்குப் போதும் என்று 1995இல் தீர்ப்பு வந்தது!

ஆகவே உழைப்பெல்லாம் மூன்றாம் படிக்கு. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களிடம் கேள்வி கேட்கும்போது ஒவ்வொருவர் பதிலையும் அப்போதே எழுதிக்கொள்ளவேண்டும். ஜூரி உறுதிமொழி எடுக்கும் முன் ஆட்சேபிக்கவேண்டும். பிந்தினால் மேல்முறையீட்டில் பெரும்பாலும் எடுபடாது. நீக்கப்பட்டவர் கறுப்பர் என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும், நீதிமன்றப் பதிவில் தோல் நிறம் தெரியாது.

ஜார்ஜியா மாநிலத்தில் 1987இல் ஃபாஸ்டர் என்ற கறுப்பரின் வழக்கு. 34 வயதுக் கறுப்பினப் பெண்ணை, ‘வயது குறைவு, விவாகரத்தானவர்’ என்று நீக்கினார்கள். 21 வயது வெள்ளையர் ஜூரியில் உட்கார்ந்தார். பிற்பாடு அரசுத்தரப்பின் குறிப்புகள் வெளிவந்தபோது கறுப்பர்களின் பெயர்கள் மட்டும் பச்சை ஹைலைட்டரால் தீற்றப்பட்டிருந்தன. நீதி கிடைக்க 2016 ஆனது. மிசிசிப்பியில் ஒரே கொலை வழக்கில் திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்ட கறுப்பர் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸின் ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட 5 கறுப்பர்களிடம் அரசுத்தரப்பு கேட்டவை 145 கேள்விகள். அமர்ந்த 11 வெள்ளையர்களிடம் மொத்தமே 12. யாரோ பொறுமையாக எண்ணியிருக்கிறார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது இந்த எண்கள் தீர்ப்பிலேயே ஏறின.

ஃபாஸ்டர் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியது. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, நீக்கப்பட்டவர் ஒரு பக்கம், அமர்ந்தவர் மறுபக்கம் என்று காரணங்களை எழுதிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.