சோலைக்காட்டு நீலப் பறவைகளின் அறிவியல் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி (உதகை வாசகர்): ஒரு கையேட்டில் பிராக்கிப்டெரிக்ஸ் மேஜர், இன்னொன்றில் மயோமெலா மேஜர், இப்போது ஷோலிகோலா மேஜர். நீலகிரிச் சோலையில் வாழும் ஒரே பறவைக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

பதில்: மூன்றிலும் 'மேஜர்' அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். மாறுவது முற்பகுதியான பேரினப் பெயர் மட்டுமே. இப்பறவைக்கு நெருங்கிய உறவு எது என்பதை அப்பகுதிதான் சொல்கிறது. ஆகவே உறவு பற்றிய முடிவு மாறினால் பெயரும் மாறியே தீர வேண்டும். 1840களில் இதை முதன்முதலில் விவரித்த தாமஸ் ஜெர்டன், அன்று செவ்வால் பறவைகளுக்கு வழங்கிய பேரினத்தில் வைத்தார். பின்வந்தவர்கள் இமயமலைக் குட்டையிறக்கைப் பறவைகளின் பேரினமான பிராக்கிப்டெரிக்ஸில் சேர்த்தார்கள். 2005இல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகள் பற்றிய தம் நூலில் மயோமெலாவுக்கு மாற்றினார்கள். ஷோலிகோலா என்பது 2017இல் வந்த மரபணு ஆய்வு தந்த பெயர்.

கேள்வி (பாலக்காடு வாசகர்): 2017 ஆய்வு புதிதாக என்ன காட்டியது?

பதில்: வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இந்த நீலப் பறவைகள் குட்டையிறக்கைப் பறவைகளின் கிளையிலேயே இல்லை என்பதும், நில்டாவா, சயோர்னிஸ் ஆகிய ஈப்பிடிப்பான் பேரினங்களுக்கே அருகில் வருகின்றன என்பதும் தெளிவாயின. இருண்ட காட்டுத் தரையில் இரை தேடும் வாழ்க்கை, உறவில்லாத பறவைகளையும் ஒத்த தோற்றம் கொள்ளச் செய்யக்கூடும். உருவத்தை மட்டும் நம்பிய வகைப்பாடு இத்தகைய இடங்களில்தான் தடுமாறியது. பொருந்தும் பேரினம் எதுவும் இல்லாததால் ஷோலிகோலா புதிதாக நிறுவப்பட்டது. நம் மலைச் சிரிப்பான்களுக்கு மான்டெசிங்க்ளா என்ற பேரினத்தை அமைத்ததும் இதே கட்டுரைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தனித்தன்மைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேள்வி (கோவை வாசகர்): நீலகிரிப் பறவையும் கொடைக்கானல் பறவையும் வேறு இனங்களா?

பதில்: ஆம். நீலகிரியில் உள்ள மேஜருக்கு வயிற்றின் பக்கங்கள் செம்பழுப்பு. பழனி, ஆனைமலைப் பகுதிகளில் உள்ள ஆல்பிவென்ட்ரிஸுக்கு அவ்விடம் நீலச்சாம்பல், வயிற்றின் நடுப்பகுதி வெண்மை. இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. உயரமான குளிர்ந்த காடுகளை விட்டு இறங்காத பறவைக்கு அந்தத் தாழ்நிலமே பெருந்தடை. இருபதாம் நூற்றாண்டில் இரண்டையும் ஓரினத்தின் கிளையினங்களாகவே பெரும்பாலோர் கருதினர். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் கூட்டத்தை 2017 கட்டுரை அஷம்புயென்சிஸ் என்ற தனி இனமாக விவரித்தது. ஆனால் சில பறவைப் பெயர்ப் பட்டியல்கள் அதை ஆல்பிவென்ட்ரிஸின் கிளையினமாகவே வைத்தன.

கேள்வி (மதுரை மாணவி): ஆல்பிவென்ட்ரிஸ் பெயருக்குப் பின் 'பிளான்ஃபோர்டு, 1868' என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். அஷம்புயென்சிஸுக்கு அப்படி இல்லையே?

பதில்: இனத்தை முதலில் விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து அது பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் செல்லும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. அஷம்புயென்சிஸ் ஷோலிகோலாவிலேயே பிறந்த பெயர் என்பதால் அதற்கு அடைப்புக்குறி தேவையில்லை.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): பெயர் மாறிக்கொண்டே இருந்தால் நான் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

பதில்: ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ் என்று எழுதுங்கள், எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதையும் குறியுங்கள். அதைவிட முக்கியமாக மலையின் பெயரையும் உயரத்தையும் தவறாமல் சேருங்கள். நாளை இவ்வினம் மேலும் பிரிக்கப்பட்டாலும், பார்த்த இடத்தைக் கொண்டே உங்கள் பதிவை உரிய இனத்தில் சேர்த்துவிடலாம்.