ஊடகங்கள் பள்ளிகளைக் குறை சொன்னால் ஆசிரியர் சங்கங்கள் உடனே மறுப்பறிக்கை விடுவது ஏன்?

தவறு செய்த ஆசிரியரைக் காப்பாற்றுவதுதான் சங்கத்தின் வேலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆசிரியராகவும் சில ஆண்டுகள் சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை அறிந்துகொண்டே மேலே படியுங்கள்.

குற்றச்சாட்டுக்கு உள்ளான ஆசிரியருடன் சங்கம் நிற்பது, அவர் நிரபராதி என்று சாதிப்பதற்காக அன்று; புகார் எழுத்தில் தரப்பட வேண்டும், விளக்கம் கேட்கப்பட வேண்டும், விசாரணைக்குப் பிறகே தண்டனை வர வேண்டும் என்பதற்காகத்தான். செய்தித்தாளுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நகரக் கல்வித் துறை, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் சுமார் 18,000 ஆசிரியர்களுக்குப் போட்ட தரவரிசையை வெளியிட்டது. ஊடகங்கள் கேட்டிருந்த அந்த விவரத்தைப் பெயருடன் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வரை சென்ற சங்கம் தோற்றுப்போனது. நூறு புள்ளி அளவில் போடப்பட்ட அந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு கணிதத்தில் சராசரியாக 35 புள்ளிகள், ஆங்கிலத்தில் 53 புள்ளிகள். அதாவது, நடுத்தரம் என்று குறிக்கப்பட்டவர் உண்மையில் ஏறக்குறைய எந்த இடத்திலும் இருக்கக்கூடும். பெயர் மட்டும் எந்தப் பிழை வரம்பும் இல்லாமல் அச்சாகிவிட்டது.

ஆனால் அதே நகரில், விசாரணையை எதிர்நோக்கிய நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வகுப்புக்குப் போகாமல், முழுச் சம்பளத்துடன், தனி அறைகளில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உட்கார வைக்கப்பட்டிருந்ததும் உண்மை. ஊடகங்கள் விடாமல் எழுதிய பிறகே, 2010இல் நகர நிர்வாகமும் சங்கமும் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ள உடன்பட்டன. தாமதத்தில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு என்றாலும், விசாரணை இழுப்பது உறுப்பினருக்கு நல்லது என்று எண்ணும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அமெரிக்காவின் இன்னொரு நகரமான அட்லாண்டாவில் தேர்வு மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவு உயர்ந்திருப்பதை முதலில் சந்தேகித்ததும் ஒரு நாளிதழ்தான். 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முறைகேட்டில் ஈடுபட்டதாகக் கூறியது. இப்படிப்பட்ட செய்திக்கும் வழக்கமான கண்டன அறிக்கையை நீட்டினால், அடுத்த முறை நியாயமாகப் பேசும்போதும் எங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

என் அனுபவத்தில் ஒன்று. நான் பணியாற்றிய பள்ளியின் பொதுத்தேர்வு முடிவைப் பற்றி, "தேர்ச்சி எட்டு சதவீதம் சரிவு, ஆசிரியர்கள் அலட்சியம்" என்று ஒரு செய்தி வந்தது. தேர்வு எழுதியவர்கள் 38 பேர். முந்தைய ஆண்டும் 38 பேர்தான். அப்போது இருவர் தவறியிருந்தனர், இம்முறை ஐவர். மூன்று பிள்ளைகளின் கதை, தலைப்பில் எட்டு சதவீதமாக ஊதிப்போயிருந்தது. கிளைக் கூட்டத்தில் பெரும்பாலோர் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்றார்கள். ஒரு மூத்த ஆசிரியை மட்டும், "தவறிய ஐந்து பேரும் எந்தப் பாடத்தில் போனார்கள் என்று முதலில் பாருங்கள்" என்றார். ஐவரில் மூவர் அறிவியலில்தான் தவறியிருந்தார்கள். அந்தப் பணியிடம் ஏழு மாதங்கள் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொல்லி நாங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களும் சங்கக் கோப்பிலேயே இருந்தன. அவற்றை வெளியே சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஆசிரியர் அமைப்புகளைக் கல்விக் கொள்கை வகுப்பதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966இலேயே பரிந்துரைத்துவிட்டன. அந்த இடத்தைக் கோருகிற நாங்கள், காலியிடக் கணக்கைக்கூட அந்தச் செய்தி வரும்வரை கோப்பில் பூட்டி வைத்திருந்தோம். கடித நகல்களுடன் அந்தச் செய்தியை எழுதிய நிருபரைப் பார்த்தோம். காலியிடம் பற்றி அவர் எழுதிய இரண்டாவது செய்தி உள்பக்கத்தில் சிறிதாகத்தான் வந்தது. முதல் செய்திக்கு வருத்தம் தெரிவிக்கவுமில்லை. ஆனாலும் அடுத்த மாதமே அறிவியலுக்கு ஆசிரியர் வந்து சேர்ந்தார்.