தேங்காய் எண்ணெயும் ஒரு தளபதியும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து ஹங்கேரி நடத்திய 1848–49 போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ஹங்கேரியத் தளபதி ஆர்தூர் கோர்கெயைப் பரிவோடு எழுதியிருந்தீர்கள். படையோடு சரணடைந்தவர் அவர். கூட இருந்த 13 தளபதிகளுக்கு மரண தண்டனை, இவருக்கு மட்டும் உயிர்ப்பிச்சை. இது துரோகம் இல்லையா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கோர்கெய் பிரபு குடும்பத்துப் பிள்ளை. பேர் பெரிது, கையில் காசில்லை. 1845இல் ராணுவ வேலையை உதறிவிட்டு பிராக் நகருக்கு வேதியியல் படிக்கப் போனார். அங்கே அவர் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தது நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயை! அதில் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருப்பதைக் காட்டி 1848இல் கட்டுரையும் வெளியிட்டார். அந்த ஆண்டே மறுபடி ராணுவம்.

1849 ஏப்ரலில் ஆஸ்திரியப் படையை ஈஷாசெக்கில் தோற்கடித்தார், கோமாரோம் கோட்டையின் முற்றுகையை உடைத்தார். மே 21 அன்று புடா கோட்டையைப் பிடித்தார். அந்தக் கோட்டைக்கு முன்னால் இரண்டரை வாரத்தைச் செலவழித்தது தப்பு என்பேன். அடுத்த மாதமே ஆஸ்திரியாவுக்குத் துணையாக ரஷ்யப் பெரும்படை உள்ளே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9 அன்று தெமேஷ்வாரில் ஹங்கேரியின் இன்னொரு பெரிய படை சிதறியது. 11ஆம் தேதி தலைவர் கொஷூத் முழு அதிகாரத்தையும் கோர்கெயிடம் கொடுத்துவிட்டுத் துருக்கி எல்லையைப் பார்த்துக் கிளம்பினார். 13ஆம் தேதி விலாகோஷ் அருகே கோர்கெய் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அதுவும் ரஷ்யர்களிடம், அவர்கள் இரக்கம் காட்டுவார்கள் என்ற நம்பிக்கை. ரஷ்யாவின் ஜார் மன்னரின் சிபாரிசில் அவர் உயிர் பிழைத்தது. மற்றவர்கள் ஆஸ்திரியர் கைக்குப் போனார்கள். அக்டோபர் 6 அன்று ஆராடில் நால்வரைச் சுட்டார்கள், ஒன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள்.

அதற்கு முன்பே, செப்டம்பரில், துருக்கி ஆட்சியில் இருந்த விதின் ஊரிலிருந்து கொஷூத் எழுதிய கடிதம் கோர்கெயைத் துரோகி என்றது. எல்லை தாண்டிப் போனவர் எழுதுகிறார், கவனியுங்கள். ஊரும் நம்பியது. தோல்விக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆளும் உயிரோடு இருந்தார். கொஷூத்தின் அரசியலோடு தன் படை ஒட்டாது என்று ஜனவரியிலேயே வாட்ஸ் நகரில் அறிக்கை விட்டவர் என்பதால் சந்தேகம் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

1867 வரை ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் கண்காணிப்பில் இருந்தார். பிறகு ஊர் திரும்பி, துரோகி என்ற பேரைக் கேட்டுக்கொண்டே 98 வயது வரை வாழ்ந்தார். இறந்தது 1916 மே 21, புடா கோட்டையைப் பிடித்த அதே தேதி.