செயற்கைக் கை, கால், றோபோ: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கை கால் செய்து கொடுக்கிற வேலை எனக்கு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

அண்ணை, புதுச் செயற்கைக் கை நினைத்தவுடன் அசையுமாமே, மூளைக்குள் ஏதும் வைக்கிறார்களா?

இல்லை தம்பி, தசைதான். முழங்கைக்குக் கீழே கை போனாலும் விரலை மடக்கிய தசையில் மிச்சம் இருக்கும், மடக்க நினைத்தால் அது இறுகும், அப்போது தோலில் தெரிகிற நுண்ணிய மின்சாரத்தை சென்சர் பிடித்து மோட்டரை ஓட்டும். பழைய கைகளில் இரண்டு சென்சர்: ஒன்று திறக்க, ஒன்று மூட. இப்போது பல சென்சர்களை வைத்து, எந்த அசைவுக்கு எந்த மாதிரி மின்சாரம் வருகிறது என்று கணினியே பழகுகிறது. ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்து சென்சர் கொஞ்சம் வழுக்கினால், பழகினது எல்லாம் குழம்பும்.

அப்பாவுக்கு மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனது. ஜெய்ப்பூர் கால்தான் போடுகிறார். சீ-லெக் வாங்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. 1997இல் வந்த சீ-லெக் என்பது கணினி வைத்த முழங்கால். அப்பாவுக்குச் சொந்த முழங்கால் இருக்கிறதே! 1968இல் வந்த ஜெய்ப்பூர் கால் வெறும் றப்பரும் மரமும்தான், ஆனால் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கலாம், குந்தியும் இருக்கலாம். காசைச் சொக்கெட்டில், அதாவது மிச்சக் கால் நுழைகிற கிண்ணத்தில், போடுங்கள். அது பொருந்தாவிட்டால் எந்தக் காலும் மூலையில்தான் கிடக்கும்.

சதுரங்கத்தில் உலகச் சம்பியன் கஸ்பரோவை வென்ற கணினிக்கு ஏன் தேங்காய் துருவத் தெரியாது?

தொடுகைதான் கஷ்டம். 2019இல் ஓப்பன்ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு றோபோக் கையை றூபிக் கனசதுரம் சேர்க்க வைத்தது, நன்றாகக் கலைத்துக் கொடுத்தபோது ஐந்தில் ஒரு தடவைதான் முடித்தது. அம்மா அடுப்பையும் பார்த்துக்கொண்டே துருவுவார்!

இதில் அறம் எங்கே வருகிறது? தரவு திருட்டா?

தரவும்தான், அதற்கு இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எனக்குப் பெரிய பயம் வேறு. அமெரிக்காவில் செக்கண்ட் சைட் என்ற நிறுவனம் 350 பேருக்கு மேல் செயற்கை விழித்திரை வைத்துவிட்டுப் பிறகு அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் இருப்பது பழுதானால் திருத்த ஆளில்லாமல் போனது. அதனால் கையோ காலோ யார் இலவசமாகத் தந்தாலும், பற்றரி செத்தால் யாழ்ப்பாணத்தில் யார் மாற்றுவார் என்று முதலில் கேளுங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றால், எத்தனை கிழமை கையில்லாமல் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.