பாங்காக்கில் ஒரே ஒரு நாள்

கேள்வி: அப்பா அம்மாவோடு பாங்காக் போகிறோம். ஊர் சுற்ற ஒரு நாள்தான் கிடைக்கும். தனி வழிகாட்டி வைத்துக்கொள்வதா, சுற்றுலா பஸ்ஸில் போவதா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் தனி வழிகாட்டிதான். முதல் தடவை நாங்கள் கும்பகோணத்திலிருந்து போனபோது பஸ்தான். அம்மா பாத்ரூம் போய்வருவதற்குள் முப்பது பேர் முறைத்தார்கள். அடுத்த தடவை தனி வேன், தனி ஆள். அவரோ கேட்காமலே ஒரு ரத்தினக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்! ‘கடை வேண்டாம்’ என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’ என்று தெருவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அப்புறம் வாட் போ என்ற புத்தர் கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி நடக்க வேண்டும். கிண், கிண் என்று அந்தச் சத்தத்திலேயே அம்மா கால்வலியை மறந்துவிட்டார்.

‘பெரிய ஊஞ்சல்’ என்ற சின்னத்தின் பக்கத்திலுள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1784-இல் கட்டியது. நம் மார்கழித் திருவெம்பாவைதான் அங்கே ‘திரியம்பாவாய்’ விழாவாக ஆகியிருக்கிறது. அந்த விழாவில் பெரிய ஊஞ்சலில் ஆடும் ஊஞ்சலாட்டம் மட்டும் 1935-க்குப் பிறகு இல்லை.

மதியத்துக்கு மேல் படகில் வாட் அருண் கோயில். சரி, அதோடு ஓட்டலுக்குத் திரும்பிவிடுங்கள்.