விளம்பரத்தில் மிகைக்கூற்றும் சட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: ‘உலகிலேயே சிறந்தது’ என்று எல்லா நிறுவனங்களும் சொல்லிக்கொள்கின்றன. இது பொய்தானே?

பதில்: மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க முடியாத புகழுரையை நீதிமன்றங்கள் பொதுவாக வாக்குறுதியாகக் கொள்வதில்லை. ‘பத்து நாளில் கறை மறையும்’ என்பதோ சோதித்து அறியத்தக்க கூற்று. சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நோயைத் தடுக்கும் என்று விற்ற தன் ‘கார்பாலிக் ஸ்மோக் பால்’ கருவியை முறைப்படி பயன்படுத்திய பின்னும் இன்ஃபுளுவன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்த இங்கிலாந்து நிறுவனம் ஒன்று, நோயுற்ற திருமதி கார்லில் பணம் கேட்டபோது, அது வெறும் புகழ்ச்சி என்று வாதிட்டது. சொன்னதை மெய்யாகவே செய்வோம் என்பதற்கு அடையாளமாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருப்பதாகவும் அதே விளம்பரத்தில் எழுதியிருந்ததால், 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை, பணத்தைத் தரவேண்டியதாயிற்று. விளம்பரத்தை முழுமையாக, தேதியுடன் சேமித்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: அந்த வழக்கின் போக்கை ஒரே வாக்கியம் தீர்மானித்தது.

கேள்வி: புள்ளிகள் சேர்த்தால் போர்விமானம் என்ற பெப்சி விளம்பரம்?

பதில்: 70 லட்சம் புள்ளிகளுக்கு ஹாரியர் விமானம் என்றது அது. நியாயமாகச் சிந்திக்கும் எவரும் அதை மெய்யான முன்மொழிவாகக் கொள்ளமாட்டார் என்று 1999இல் அமெரிக்க நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

கேள்வி: ‘நம்பர் 1’ என்பதும் வெறும் புகழ்ச்சிதானா?

பதில்: ‘விற்பனையில் நம்பர் 1’ என்றால் அது கணக்கு, ஆதாரம் வேண்டும். தனித்து நின்றால் முதல் பதிலே பொருந்தும்.

கேள்வி: நடித்த பிரபலங்கள் தப்பிவிடுகிறார்களே?

பதில்: இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. கூற்றின் உண்மையை உரிய கவனத்துடன் விசாரித்தவருக்கு விலக்கு உண்டு.

கேள்வி: ‘ஈடு இணையற்றது’ என்றால் வழக்குப் போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ‘நிகரற்ற தரம்’?

பதில்: இதற்கும் அதே விடைதான். சொல்லை மட்டும் மாற்றிக் கேட்காமல், விளம்பரத்தை முழுமையாக அனுப்புங்கள். பொடி எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: யாரும் நம்பமாட்டார்கள் என்று சட்டம் கருதும் சொற்களுக்கு நிறுவனங்கள் ஏன் இவ்வளவு செலவிடுகின்றன? சட்டத்தின் அடிப்படையே தவறு.

பதில்: உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. புகழ்ச்சி மனத்தில் வேலை செய்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தால் அளக்க முடிந்ததைத்தான் அது தண்டிக்க முடியும். ஒவ்வொரு பெருமைப் பேச்சுக்கும் வழக்கு என்றால், உண்மையான ஏமாற்று அந்தக் குவியலில் மறைந்துபோகும். அதே சமயம், புகழ்ச்சி எப்போதும் புகழ்ச்சியாகவே நின்றுவிடுவதில்லை. ‘மேலான பொருள்கள், மேலான பீட்சா’ என்ற பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனத்தின் முழக்கம் தனியாக நின்றால் வெறும் புகழ்ச்சிதான் என்றும், மாவையும் சாஸையும் போட்டியாளருடையவற்றோடு ஒப்பிட்ட விளம்பரங்களுடன் சேர்ந்தபோது சோதித்து அறியத்தக்க, தவறாக வழிநடத்தும் கூற்றாக மாறியது என்றும் 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

கேள்வி (அதே வாசகர்): முடிவில் அந்த நிறுவனம்தானே வென்றது?

பதில்: வென்றது; முழக்கம் குற்றமற்றது என்பதால் அன்று. வாங்குவோரின் முடிவை அது மாற்றியது என்பதற்கு வழக்குத் தொடுத்த பீட்சா ஹட் போதிய சான்று தரவில்லை. புகழ்ச்சி வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்வதை, அந்த வழக்கில் அவர்கள் மெய்ப்பித்துக் காட்டியிருக்க வேண்டும்.